தாய்லாந்தில் கல்யாணம்: வீடு யார் பெயரில், சாவி யார் கையில்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாய்லாந்துக்காரரை மணந்து அங்கேயே குடியேறும் வெளிநாட்டவர்கள் நாலு பேர் கூடினால் இரண்டு பேச்சுகள் கலந்தே வரும். வீட்டுக்குத் திருடன் வராமல் பார்ப்பது எப்படி என்பது ஒன்று. வீட்டுக்குள் இருப்பவரை எவ்வளவு நம்பலாம் என்பது இன்னொன்று. பட்டாயா பாரில் உட்கார்ந்து பேசுகிறவர் சொல்லும் கதைகளில் மனைவியே திருடியாக வருவார். வடகிழக்குத் தாய்லாந்தான ஈசான் பக்கம் கிராமத்தில் இருபது வருடமாக மாமியார் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறவரைக் கேட்டால் வேறு கதை வரும். இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் உருப்படியான பதில் கிடைக்கும்.

கேட்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதால் பதில்களில் ‘மனைவி’ என்றே வருகிறது. மனைவி வெளிநாட்டவர், கணவர் தாய்லாந்துக்காரர் என்றாலும் சட்டம் இதேதான். 2025 ஜனவரி முதல் ஒரே பாலினத் திருமணங்களையும் பதிவு செய்கிறார்கள். அவர்களுக்கும் இதே விதிகள்.

என் பணத்தில் மனைவி பெயரில் நிலம் வாங்கினால் பாதி எனக்குச் சேருமா?

சேராது. வெளிநாட்டவர் நிலம் வைத்திருக்கத் தாய்லாந்து நிலச் சட்டம் இடம் தருவதில்லை. 4 கோடி பாட் (தாய்லாந்து நாணயம்) முதலீடு செய்பவர் 1 ராய் வரை, அதாவது ஏறக்குறைய 40 சென்ட், குடியிருக்க வாங்கலாம் என்று ஒரு விலக்கு உண்டு. அது நம்மைப் போன்றவர்களுக்கானது இல்லை. 1990களின் கடைசி வரை, வெளிநாட்டவரை மணந்த தாய்லாந்துப் பெண் நிலம் வாங்குவதே சிக்கலாக இருந்தது. பிறகு தளர்த்தினார்கள், ஒரு நிபந்தனையோடு.

அந்த நிபந்தனையை நிலப் பதிவு அலுவலகத்தில் நேரிலேயே பார்க்கலாம். டோக்கன் எடுத்துக் காத்திருந்து உங்கள் முறை வந்ததும் அதிகாரி ஒரு தாளை உங்கள் பக்கம் நகர்த்துவார். முழுக்கத் தாய்லாந்து எழுத்து. இந்த நிலத்துக்கான பணம் மனைவியின் தனிச்சொத்து, தம்பதியின் பொதுச்சொத்து அல்ல என்பது அதன் சாரம். இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் பதிவு நடக்கும். ஏதோ வழக்கமான படிவம் என்று நினைத்துப் போட்டுவிட்டு, வெளியே வந்து ஐஸ் காப்பி குடிக்கிறவர்கள் நிறையப் பேர். பத்து வருடம் கழித்து ‘என் காசு’ என்று கோர்ட்டுக்குப் போனால், எதிர்த்தரப்பு முதலில் எடுத்து வைப்பது அந்தத் தாளைத்தான்.

நிலத்துக்குக் கொடுக்கும் பணத்தை மனைவிக்குக் கொடுத்த பரிசாக நினைக்க முடிந்தால் வாங்குங்கள். நினைக்க முடியாத தொகை என்றால் வாங்க வேண்டாம், வாடகைக்கு இருங்கள். கொடுத்துவிட்டு ராத்திரி முழுக்க அவரைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு படுத்திருப்பதைவிட வாடகை எவ்வளவோ மலிவு.

அடுக்குமாடி வீடு?

அது உங்கள் பெயரிலேயே வாங்கலாம். ஒரு கட்டடத்தின் மொத்த வீட்டுப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் கையில் இருக்கலாம். பணம் வெளிநாட்டு நாணயமாக உள்ளே வந்ததற்கு வங்கிச் சான்று வேண்டும். உள்ளூரில் சேர்த்த பாட் பணத்தில் வாங்கலாம் என்று கடைசி நேரத்தில் போய் நிற்காதீர்கள். கிராமத்தில் மனைவிக்கு ஒரு நிலம், நகரத்தில் உங்கள் பெயரில் ஒரு சின்ன ஃபிளாட் என்று வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்து நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் அவர்கள்தான்.

நிலம் மனைவி பெயரில் இருக்கட்டும். என்னை யாரும் வெளியே அனுப்ப முடியாதபடி ஏதாவது வழி இருக்கிறதா?

மூன்று வழிகள் சொல்வார்கள்.

குத்தகை: அதிகபட்சம் 30 ஆண்டு. 3 ஆண்டுக்கு மேல் என்றால் பதிவு செய்தே ஆக வேண்டும். ‘30 முடிந்ததும் இன்னொரு 30’ என்று தரகர் எழுதித் தருவதை நம்பிப் பணம் போடாதீர்கள். புதுப்பிப்பது அன்றைக்கு நில உரிமையாளர் மனசைப் பொறுத்தது.

ஆயுள் அனுபவ உரிமை: தாய்லாந்தில் ‘சித்தி கெப் கின்’ என்பார்கள். நிலம் மனைவியுடையது, இருந்து அனுபவிக்கும் உரிமை உங்கள் உயிர் உள்ளவரை உங்களுடையது. சானோட் என்கிற நிலப் பத்திரத்திலேயே அது பதிவாகும். மனைவி நிலத்தை விற்றாலும், இறந்தே போனாலும் அந்த உரிமை ஒட்டிக்கொண்டு நிற்கும். நீங்கள் இறந்தால் அதோடு முடிந்துவிடும்.

கட்டட உரிமை: நிலம் ஒருவருடையது, மேலே நிற்கும் வீடு இன்னொருவருடையது. கட்டட அனுமதியை உங்கள் பெயரில் எடுத்து, நில உரிமையாளரோடு இந்த உரிமையையும் பதிவு செய்தால் வீடு உங்களுடையது.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, பலர் சொல்லமாட்டார்கள். சிவில் சட்டத்தின் 1469-ஆம் பிரிவின்படி, கணவன் மனைவிக்குள் கல்யாணத்துக்குப் பிறகு செய்துகொள்ளும் சொத்து ஒப்பந்தத்தை, கல்யாணம் நீடிக்கும்போதோ முறிந்து ஒரு வருடத்துக்குள்ளோ இருவரில் ஒருவர் ரத்து செய்யலாம். அதனால் சில பதிவு அலுவலகங்கள் தம்பதிக்குள் இந்த உரிமையைப் பதிய யோசிக்கும், சில உடனே பதிந்து தரும். வேண்டும் என்றால் கல்யாணத்தைப் பதிவு செய்யும் முன்பே முடித்துவிடுவது நல்லது. நிலம் மாமனார் பெயரில் இருந்தால் இந்த ஓட்டை இல்லை, ஒப்பந்தம் அவரோடுதானே.

மாமனார் நிலத்தில் எந்தப் பதிவும் இல்லாமல் மூன்று படுக்கையறை வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பதிவு இல்லாவிட்டால் வீடு நிலத்தோடு போகும்.

ஒரு கம்பெனி தொடங்கி அதன் பெயரில் வாங்கலாம் என்கிறார்களே?

பெயருக்குச் சில தாய்லாந்துக்காரர்களைப் பங்குதாரராகப் போட்டு நிலம் வாங்குவது சட்டப்படி குற்றம், பெயர் கொடுத்தவருக்கும் சேர்த்து. மனைவியை நம்பாமல் முன்பின் தெரியாத பங்குதாரரை நம்புவது என்ன கணக்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

கல்யாணத்துக்கு முன் சொத்து ஒப்பந்தம் போட்டால் அவர் தப்பாக நினைப்பாரா?

எப்படிக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வக்கீலோடு வந்து மேசையில் வைத்தால் யாருக்கும் முகம் சுருங்கும். ‘உன்னுடையது உனக்கு, என் பிள்ளைகளுக்கு உரியது அவர்களுக்கு’ என்று இரண்டு பக்கத்தையும் எழுதினால் பல பெண்கள் நிம்மதியாகவே கையெழுத்துப் போடுகிறார்கள். முதல் கல்யாணத்தில் பிறந்த பிள்ளையும், அப்பா எழுதிக் கொடுத்த வயலும் அவருக்கும் இருக்கலாம் அல்லவா?

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், இருவரோடு இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். கல்யாணப் பதிவின்போதே அம்ஃபோ எனப்படும் மாவட்ட அலுவலகத்தில் அதையும் பதிய வேண்டும். மறுநாள் போனால் செல்லாது. பின்னால் மாற்ற வேண்டும் என்றால் கோர்ட் அனுமதி தேவை.

ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் கல்யாணத்துக்கு முன் வைத்திருந்தது அவரவருக்கே. ஆனால் அந்தச் சொத்திலிருந்து கல்யாணத்துக்குப் பிறகு வரும் வாடகையும் வட்டியும் பொதுச்சொத்தில் சேரும். ஊரில் வீட்டை வாடகைக்கு விட்டு வருகிறவர்கள் இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெண் வீட்டில் சின்சோட் கேட்கிறார்கள். ஏமாற்றா?

ஏமாற்று இல்லை. சின்சோட் என்பது மாப்பிள்ளை பெண் வீட்டாருக்குக் கொடுக்கும் பரிசப்பணம். சிவில் சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. நிச்சய நாளில் நோட்டுக் கட்டுகளையும் தங்கத்தையும் தட்டில் பரப்பி எல்லாரும் பார்க்க எண்ணுவார்கள். முதல் தடவை பார்க்கிறவருக்கு ஏலம் மாதிரி தோன்றும். ஊருக்கு முன் காட்டிவிட்டு, முழுவதையுமோ ஒரு பகுதியையோ மணமக்களுக்கே திருப்பித் தரும் குடும்பங்கள் ஏராளம். திருப்பித் தருவார்களா என்று முன்கூட்டியே மனைவியாகப் போகிறவரிடம் கேட்டுக்கொள்ளலாம், தப்பில்லை. நீங்களாக மாமியாரிடம் போய்க் கேட்காதீர்கள்.

தங்கத்துக்கு அங்கே கணக்கு வேறு. பாட் என்பது பணத்தின் பெயர் மட்டுமல்ல, தங்க எடையின் பெயரும்தான். ‘ஒரு பாட்’ நகை என்றால் 15.16 கிராம், ஏறத்தாழ நம் இரண்டு பவுன், தரம் 96.5 சதவீதம். எந்த ஊர்த் தங்கக் கடையிலும் அன்றைய விலைக்குத் திருப்பி விற்கலாம். அதனால் அது நகையும்தான், அவசரத்துக்கு உதவும் சேமிப்பும்தான்.

இன்னொன்று. துறவிகள் வந்து ஓதி, கையில் வெள்ளை நூல் கட்டி, ஊரே சாப்பிட்டாலும் பதிவு இல்லாவிட்டால் சட்டப்படி கல்யாணம் இல்லை. பதிவுதான் கணக்கு என்பதால், அவருக்கு ஏற்கெனவே பதிவான கல்யாணம் இருக்கிறதா என்பதை அம்ஃபோவில் தரும் திருமணமாகாதவர் சான்றில் பார்க்கலாம். நீங்களும் உங்கள் தூதரகத்திலிருந்து அதே மாதிரிச் சான்று கொண்டு வரத்தானே வேண்டும். அதனால் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

சானோட்டை நான் இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டால் போதுமா?

போதாது. பலர் இதைத்தான் பெரிய பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். காணாமல் போனது என்று மனு கொடுத்து உரிமையாளர் மாற்றுப் பத்திரம் வாங்க வழி இருக்கிறது. பூட்டி வைப்பதைவிட வாங்கும் முன் படிப்பது முக்கியம்.

பத்திரத்தின் மேலே கருடன் முத்திரை இருக்கும். சிவப்புக் கருடன் என்றால் சானோட், முழு உரிமைப் பத்திரம். பச்சையோ கறுப்போ என்றால் அதற்குக் கீழ்ப்பட்ட அனுபவச் சான்றுகள். அப்புறம் தாளைத் திருப்புங்கள். பின்பக்கக் கட்டங்களில் விற்பனை, அடமானம், குத்தகை என்று இதுவரை நடந்த பதிவு ஒவ்வொன்றும் தேதியோடு வரிசையாக இருக்கும். கடைசி வரியில் விவசாய வங்கியின் அடமானம் இருந்து, அது தீர்ந்ததற்கான வரி இல்லை என்றால் கடன் இன்னும் நிற்கிறது. குடும்பத்தார் மறைத்தார்கள் என்று உடனே கோபப்பட வேண்டாம். வயல் அடமானத்தில் இருப்பது அங்கே விவசாயக் குடும்பங்களில் சாதாரண சங்கதி, கேட்டால்தான் சொல்வார்கள். நிலச் சீர்திருத்தத்தில் அரசு கொடுத்த ‘ஸோர் போர் கோர்’ நிலம் என்றால் அதை இஷ்டப்படி யாருக்கும் விற்க முடியாது. யார் என்ன விலை சொன்னாலும் நடையைக் கட்டுங்கள்.

மனைவியின் சொந்தக்காரர்கள் கேட்காமலே வீட்டுக்குள் வருகிறார்கள். சாவியை மாற்றலாமா?

மாற்றினால் அன்று மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். ஈசானிலோ வடக்கிலோ கிராமத்தில் மச்சினி உள்ளே வந்து ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவது அத்துமீறல் கணக்கில் வராது. தமிழ்நாட்டுக் கிராமத்தில் வளர்ந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை; லண்டன் ஃபிளாட்டில் முப்பது வருடம் இருந்தவருக்குத்தான் மூச்சு முட்டுகிறது.

கூடம், அடுப்படி, திண்ணை எல்லாம் எல்லாருக்கும் திறந்திருக்கட்டும். ஒரே ஓர் அறை மட்டும் உங்கள் இருவருக்கும். அதற்கு நல்ல பூட்டு, உள்ளே தரையோடு போல்ட் போட்ட பெட்டி, அதில் பாஸ்போர்ட், பத்திரங்கள், நகை. பெட்டியின் எண் மனைவிக்கும் தெரிய வேண்டும். தெரியாத பெட்டி ஒன்று படுக்கையறையில் இருப்பதுதான் பல சண்டைகளுக்கு ஆரம்பம். எதையாவது அவருக்குத் தெரியாமல் வைக்க வேண்டும் என்றால் அதை வங்கி லாக்கரில் வையுங்கள்.

மச்சான் பைக்கை எடுத்துக்கொண்டு போய் மூன்று நாள் கழித்துப் பெட்ரோல் இல்லாமல் கொண்டுவந்து விடுகிறாரா? மனைவியிடம் சொல்லுங்கள், அவர் சொல்வார். நீங்களே நேரில் கேட்டால் அது பைக் விஷயமாக இருக்காது, மானப் பிரச்சினையாகிவிடும். சொல்லப்போனால் கார், பைக் இரண்டையும் வெளிநாட்டவர் தன் பெயரிலேயே பதிவு செய்யலாம். நிலத்தில் இல்லாத உரிமை இதில் இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் கேமரா வைக்கலாமா?

வெளியே வையுங்கள்: கேட், கார் நிற்கும் இடம், பின்பக்கக் கதவு. கூடத்தில் மனைவி உட்காரும் நாற்காலியைப் பார்த்தபடி ஒரு கேமராவை வைத்துவிட்டு வெளிநாட்டிலிருந்து போனில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அதைப் பாதுகாப்பு என்று சொல்வது தன்னையே ஏமாற்றுவது. அந்த அளவுக்குச் சந்தேகம் இருந்தால் பிரச்சினை வீட்டில் இல்லை, கல்யாணத்தில்.

திருடன் உண்மையில் எப்படி வருகிறான்?

பின்பக்கமாக. தாய்லாந்து வீடுகளில் காரசாரமாகச் சமைக்கும் அடுப்படி பின்னால் தனியாக, பாதி திறந்தபடி இருக்கும். அங்கிருந்து உள்ளே போகும் கதவுதான் வீட்டிலேயே இளைத்த கதவு. அடுத்தது குளியலறையின் கண்ணாடிப் பட்டை ஜன்னல். பட்டைகளை ஒவ்வொன்றாக உருவிவிடலாம். அலுமினியச் சறுக்குக் கதவை மேலே தூக்கினால் தண்டவாளத்திலிருந்து கழன்று வரும். மேலே தடுப்புக் கட்டையும் கீழே ஒரு குத்துத் தாழ்ப்பாளும் போட்டால் தீர்ந்தது.

எல்லா ஜன்னலுக்கும் ‘லெக் டட்’ என்கிற இரும்புக் கிராதி போடுவது அங்கே வழக்கம். போடுங்கள், ஆனால் ஒவ்வொரு மாடியிலும் ஒரு கிராதியாவது உள்ளேயிருந்து திறக்கும்படி இருக்க வேண்டும். தீப்பிடித்தால் வெளியே வர வழியில்லாத வீடு கூண்டுதான். அந்தக் கிராதியின் சாவி ஜன்னல் பக்கத்திலேயே, கைக்குழந்தை எட்டாத உயரத்தில் ஆணியில் தொங்கட்டும்.

கிராமமா, காவலாளி இருக்கும் மூபானா?

மூபான் என்பது வேலி போட்ட குடியிருப்பு. வாசலில் சீருடைக் காவலாளி சல்யூட் அடிப்பார், வருகிறவரின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் அட்டை தருவார். காருக்கு நடக்கும் இந்தச் சடங்கு, டெலிவரி பைக்குக்குப் பல இடங்களில் நடப்பதில்லை. வீடு பார்க்கப் போகும்போது இரவு பதினோரு மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். காவலாளி விழித்திருக்கிறாரா என்பது விளம்பரத் தாளில் இருக்காது.

கிராமத்தில் வாசலில் கேட்கூட இல்லாத வீடுகளுக்கு நடுவே, கண்ணாடிச் சில்லு பதித்த ஆளுயர மதில் கட்டுகிற வெளிநாட்டு மாப்பிள்ளை உண்டு. ‘இங்கே எடுக்க ஏதோ இருக்கிறது’ என்று ஊருக்கு அறிவிப்புப் பலகை வைத்த மாதிரிதான் அது. மதில் உள்ளே நடப்பதையும் மறைக்கும். ஏறிக் குதித்தவன் நிதானமாக வேலை பார்க்கலாம். இடுப்பளவு சுவர், மேலே கம்பி, எதிர்வீட்டுப் பாட்டியின் கண்ணுக்கு உங்கள் வாசல் தெரிய வேண்டும். அந்தப் பாட்டியும் தெரு நாய்களும் செய்யும் காவலை எந்தக் கருவியும் செய்யாது. குடிவந்ததும் ஊர்த் தலைவரான ‘பூயாய் பான்’ வீட்டுக்கு ஒருமுறை பழத்தட்டோடு போய்விட்டு வாருங்கள்.

சொங்க்ரான் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம். வீடு?

ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான், பாங்காக் காலியாகிவிடும். அந்த நேரத்திலும் புத்தாண்டுக்கும் ‘வீட்டைப் போலீஸிடம் விட்டுச் செல்லுங்கள்’ என்று ஒரு திட்டம் நடத்துகிறார்கள். உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே பதிந்தால் ரோந்து வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். மனைவியின் அடையாள அட்டையில் பதிவது சுலபம். ஏதாவது நடந்துவிட்டால் 191. சுற்றுலாப் போலீஸ் 1155-இல் ஆங்கிலத்திலும் பேசலாம்.

என் வருமானம், சேமிப்பு எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா?

மாதச் செலவுக்கு எவ்வளவு, அவசரத்துக்கு எங்கே இருக்கிறது என்ற இரண்டும் அவருக்குத் தெரிய வேண்டும். கடைசிப் பைசா வரை சொல்வது உங்கள் இஷ்டம். திருமண அடிப்படையில் விசாவை நீட்டிக்க 4 லட்சம் பாட் வங்கியில் இருக்க வேண்டும், அல்லது மாதம் 40,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். அந்தக் கணக்கை உங்கள் ஒருவர் பெயரிலேயே வையுங்கள். வீட்டுச் செலவுக்கு வேறு கணக்கு.

அப்பா அம்மாவுக்கு மாதம் பணம் அனுப்புவதைச் சுரண்டல் என்று சிலர் எழுதுகிறார்கள். பெற்றவர்களைப் பிள்ளைகள் தாங்குவது அங்கே கடமை. தொகையை ஒருமுறை உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், பிறகு மாதாமாதம் கேள்வி கேட்காதீர்கள். எருமை செத்துவிட்டது, தம்பிக்கு ஆபரேஷன் என்று அதற்கு மேல் வருவதை அந்தந்த நேரத்தில் பார்க்கலாம்.

பிரிந்துவிட்டால்?

இருவரும் சம்மதித்தால் அம்ஃபோவிலேயே விவாகரத்தைப் பதியலாம், இல்லையென்றால் கோர்ட். பொதுச்சொத்து பாதிப் பாதி. நிலம் அவருடையதாகவே இருக்கும். கல்யாணத்துக்குப் பின் சேர்ந்த பணத்தில் கட்டிய கட்டடம் பொதுச்சொத்து என்று வாதாட இடமுண்டு. அதற்கு மேஸ்திரி, சிமெண்டுக் கடை ரசீதுகளும் வங்கிப் பரிமாற்றச் சான்றும் வேண்டும். திருமண அடிப்படையில் வாங்கிய விசா நீட்டிப்பும் அதோடு போய்விடும் என்பதைப் பலர் கடைசியில்தான் நினைக்கிறார்கள்.

மனைவி எனக்கு முன் இறந்துவிட்டால் வீடு என்ன ஆகும்?

யாரும் கேட்க விரும்பாத கேள்வி. ஏமாற்றுக் கதைகளைவிட இதுதான் அதிகம் நடக்கக்கூடியது. உயில் இல்லாவிட்டால் பிள்ளைகளும் மனைவியின் பெற்றோரும் நீங்களும் வாரிசுகள். உங்கள் பங்குக்கு நிலம் வந்தாலும் அதை வைத்திருக்க முடியாது. அதிகபட்சம் ஒரு வருடத்துக்குள் விற்றாக வேண்டும். ஆயுள் அனுபவ உரிமை பதிந்திருந்தால் யார் வாரிசானாலும் நீங்கள் அந்த வீட்டிலேயே இருக்கலாம்.

உயில் எழுதப் பெரிய செலவில்லை. முழுவதும் தன் கையால் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டால் சாட்சி இல்லாமலே செல்லும். டைப் செய்தது என்றால் இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருந்து கையெழுத்துப் போட வேண்டும். நீங்களும் ஒன்று எழுதுங்கள். உங்கள் வங்கிக் கணக்கு முடங்கிக் கிடக்க மனைவி அலைவதும் நடக்கிறது. ஒரு பிரதி வக்கீலிடம், ஒன்று அந்த இரும்புப் பெட்டியில், ஒன்று ஊரில் உங்கள் அண்ணனிடமோ தங்கையிடமோ இருக்கட்டும்.